சாட்டுக் கொப்பி

கடந்த வருடம் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு ‘விடாமுயற்சி’. இதைவிட இலேசான தலைப்பு இருக்காது என்று மகிழ்ந்தேன். எடிசன், ஆபிரகாம் லிங்கன், ஹெலன் கெலர், நடுவில் வலை பின்னும் ஒரு சிலந்தி. ஒரே இரவில் எழுதி முடித்து, அடுத்த நாள் இடைவேளையில் தமிழ் ரீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இந்த ஆக்கள் எல்லாரையும் நான் படிக்கிற காலத்திலயிருந்து கேட்டுக்கொண்டு வாறன். உங்கட ஊர்ப் பக்கத்தில ஒருத்தரும் இல்லையா மகள்?”

“எங்கட ஊரில யாரு ரீச்சர் இருக்காங்க? மன்னாரில என்ன இருக்கு?”

அது ஒரு சாட்டு என்பது சொன்ன நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. உண்மை என்றே நினைத்தேன். ரீச்சர் கோபிக்கவில்லை. “தலைமன்னாரில கடல் இருக்குது. அதை நீந்திக் கடந்த ஆக்களைத் தேடிப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

போட்டியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. தேடக் தேடச் செய்தி கூடியதால் நேரம் கடந்து பேசினேன், புள்ளி வெட்டிவிட்டார்கள். ஆனால் அந்தத் தேடலில் கிடைத்தவை என்னை விடவில்லை. மேடையில் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இந்தச் சஞ்சிகையில் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். இங்கே மணி அடிப்பவர் யாரும் இல்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துபவர்கள் கடக்கும் தூரம் சுமார் 29 அல்லது 30 கிலோமீற்றர். மன்னார் நகரத்தில் பஸ் ஏறித் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தப் பஸ் பயணத்தில் நாங்கள் எத்தனை தரம் “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் வாப்பாவுடன் அங்கே போனேன். இறங்குதுறையில் நின்றபோது வாப்பாவின் தொலைபேசிக்கு, இந்தியாவுக்கு நல்வரவு என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் நின்றது இலங்கையில். அவ்வளவு கிட்ட. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான்.

இந்தத் தண்ணீரை 1966 ஏப்ரலில் கல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென் நீந்திக் கடந்தார். அவருக்கு எடுத்தது 25 மணித்தியாலம் 36 நிமிடம். அவர் சின்ன வயதிலிருந்தே நீச்சல் வீரராக வளர்ந்தவர் அல்லர். சட்டம் படிக்க இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைப் பத்திரிகையில் வாசித்தார். அதன் பிறகுதான் முறையாக நீச்சல் பழகத் தொடங்கினார். முதல் முயற்சியில் தோற்றார், பிறகும் தோற்றார். 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். எட்டு வருடம் கழித்து எங்கள் தலைமன்னாருக்கு வந்தார். ஒரு பத்திரிகைத் துண்டு அவரை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்! நாங்களோ தினமும் தொலைபேசியில் பத்து ஊக்கமூட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பதினொன்றாவதைத் தேடுகிறோம்.

எங்கள் நாட்டவரில் முதலில் சொல்ல வேண்டியவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், அங்கிருந்து திரும்பவும் நீந்தியே வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். இரண்டு பகல் இரண்டு இரவுக்கும் மேல். அந்தச் சாதனை 50 வருடம் அப்படியே நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அதே போகவரத் தூரத்தை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் நீந்தினார். ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அந்தக் கடலிலேயே உயிரிழந்தார். பேச்சில் இதைச் சொல்லலாமா விடலாமா என்று யோசித்தேன். விடாமுயற்சி என்றால் கட்டாயம் வெற்றி என்று முடிப்பதுதானே வழக்கம். ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை என்று பட்டது. சொன்னேன்.

இவர்கள் எல்லாரையும் வரிசையாக எழுதி வைத்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: திகதிகள். மிகிர் சென் ஏப்ரல். ரொஷான் ஏப்ரல். இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன், அவர்கள் இருவரும் மார்ச். ஏன் என்று என் சாச்சாவிடம் கேட்டேன். சாச்சா படகில் தொழிலுக்குப் போகிறவர். அவருக்கு இது கேள்வியே இல்லை.

“மே மாதத்தில சோழகம் எழும்பினா செப்டெம்பர் மட்டும் கடல் கொந்தளிக்கும். நவம்பருக்குப் பிறகு வாடை. இடையில இந்த மார்ச், ஏப்ரல்தான் கடல் கொஞ்சம் படுத்துக் கிடக்கும். அப்பதான் நீந்தலாம்.”

“அப்ப மத்த மாசமெல்லாம் அவங்க என்ன செய்வாங்க சாச்சா?”

“பழகுவாங்க. கடல் படுத்த பிறகு பழகத் தொடங்கினா, பழகி முடிக்கக்குள்ள சோழகம் வந்திரும்.”

‘அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை நான் எப்போதும் காத்திருக்காதே என்ற அர்த்தத்தில்தான் படித்திருந்தேன். இந்த நீச்சல்காரர்கள் அலை ஓயும் காலத்துக்குக் காத்திருக்கத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் காத்திருந்த மாதங்களில் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. அங்கேதான் வித்தியாசம்.

சாச்சா இன்னொன்றும் சொன்னார். மன்னார் வளைகுடாவுக்கும் பாக்கு விரிகுடாவுக்கும் நடுவில் ஆதாம் பாலத்து மணல்திட்டுகள். தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் ஒடுங்கிய இடங்களுக்குள்ளால் மாறி மாறி ஓடுவதால் நீரோட்டம் பலமாக இருக்கும். எதிர் ஓட்டம் வந்தால் எவ்வளவு கைபோட்டாலும் முன்னுக்குப் போக முடியாத நேரம் வரும். “அந்த நேரம் அவன் நிண்ட இடத்திலயே நிக்கிறதுக்கும் நீந்தத்தான் வேணும். விட்டானோ, பின்னுக்குக் கொண்டுபோயிரும்.” இதில் சொறிமுட்டைகள் வேறு, உடம்பில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோல் எரியும். கூடவே ஒரு படகு வரும். அதிலிருந்து குடிக்கவும் சாப்பிடவும் ஏதாவது கொடுப்பார்கள். ஆனால் நெடுந்தூர நீச்சலின் விதிப்படி படகைத் தொடக்கூடாது. தொட்டால் முடிந்தது. கையெட்டும் தூரத்தில் ஓய்வு இருக்க, அதைத் தொடாமல் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நீந்துவது என்பது எனக்குக் கடலைவிடப் பெரிய கஷ்டமாகத் தெரிகிறது. என் மேசையில் கையெட்டும் தூரத்தில் இருப்பது தொலைபேசி. நான் எத்தனை நிமிடம் தாங்குவேன் என்று எனக்கே தெரியும்.

இப்போது அந்த இரண்டு பெண்கள். ஒருவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தண்ணீர்ப் பயத்தைப் போக்கிக்கொள்வதற்காக நீச்சல் வகுப்பில் சேர்ந்தவர். சாதனை செய்யும் எண்ணத்தில் அல்ல, பயம் போகத்தான். 2021 மார்ச் 19ஆம் திகதி விடியுமுன் எங்கள் கரையிலிருந்து இறங்கி 13 மணித்தியாலம் 43 நிமிடத்தில் தனுஷ்கோடி சேர்ந்தார். வயது போய்விட்டது என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

மற்றவர் ஜியா ராய். மும்பையில் வளர்ந்தவர், இந்தியக் கடற்படையில் பணிபுரிபவரின் மகள். அவருக்கு ஓட்டிசம் இருக்கிறது. 2022 மார்ச் 20ஆம் திகதி அதிகாலை இருட்டில் தலைமன்னாரில் கடலில் இறங்கி, 13 மணித்தியாலம் 10 நிமிடத்தில் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் கரையேறினார். தூரத்தை நேரத்தால் பிரித்துப் பார்த்தேன். நிமிடத்துக்குச் சுமார் 37 மீற்றர். எங்கள் வலைப்பந்தாட்டத் திடலின் நீளம் 30.5 மீற்றர். ஒரு நிமிடத்துக்கு ஒரு திடலும் இன்னும் கொஞ்சமும். பெரிய வேகம் இல்லை. சாதாரணமாக நடப்பவர் இதைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போவார். அந்தச் சின்ன வேகத்தை 790 நிமிடம் விடாமல் வைத்திருந்ததுதான் அவர் செய்தது.

அப்போது அவருக்கு வயது 13.

எனக்கும் 13.

இந்த இடத்தில்தான் என் எழுத்து நின்றுபோனது. அந்த வருட மார்ச் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாட்டில் டீசல் இல்லை, காஸ் இல்லை. மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. (தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் நிற்க, வீட்டில் குப்பி விளக்கு ஏற்றினோம். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?) அந்தத் தவணை எனக்குப் புள்ளிகள் மிகக் குறைவு. யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்: கரண்ட் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மைதானே. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வெளிச்சம் தருவதற்கு மின்சார சபை தேவையில்லை என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பின்னேரங்களில் நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். வேப்பமரத்துக்குக் கீழ் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அவர் 13 மணித்தியாலம் நீந்திய அதே மாதம், நான் 13 மணித்தியாலத்தைக் காரணம் காட்டினேன்.

ஆனாலும் இதை இப்படியே முடித்துவிட்டால் பிழை. ஜியா ராய் கரையேறி இரண்டு நாளில், மார்ச் 22ஆம் திகதி, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெண்களும் குழந்தைகளும் உட்பட 16 பேர் படகுகளில் அதே கடலைக் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். இங்கே சீவிக்க வழியில்லை என்று போனவர்கள். அதில் ஒரு குழுவைப் படகோட்டி மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போக, இந்தியக் கடலோரக் காவற்படை மீட்டது. அந்தத் தாய்மாரிடம் போய், சாட்டுச் சொல்லாதீர்கள், முயலுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கஷ்டம் என்று சொல்பவர் எல்லாரும் சாட்டுச் சொல்பவர் இல்லை. அப்படியானால் எது சாட்டு, எது தடை? இதற்கு எடிசனும் பதில் சொல்லவில்லை, சிலந்தியும் சொல்லவில்லை.

பதில் எங்கள் குசினியில் கிடைத்தது.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. முதல் வருடத்தில் எங்கள் இரசாயனவியல் ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். புதியவர் வரும்வரை அந்தப் பாடவேளைகளில் நாங்கள் சும்மா இருந்தோம். தவணைப் பரீட்சையில் எனக்கு 28 புள்ளி. அன்று வீட்டுக்கு வந்து, “இந்த ஊரில இருந்துகொண்டு ஒண்டும் செய்யேலா. ரீச்சர் இல்ல, ரியூசன் இல்ல, ஒண்டுமே இல்ல. கொழும்புப் பிள்ளைகளோட நாங்க எப்படிப் போட்டி போடுறது” என்று கொட்டித் தீர்த்தேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

என் உம்மாவுக்கு 1990 ஒக்டோபரில் 9 வயது. வடமாகாணத்து முஸ்லிம்கள் முழுப் பேரும் வெளியேற்றப்பட்ட மாதம் அது. மன்னார்த் தீவிலிருந்து எங்கள் ஆட்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். அந்தக் கடலைக் கடந்தவர்களுக்குச் சாதனைப் பட்டியல் இல்லை. புத்தளத்து அகதி முகாமில் ஓலைக்கொட்டிலில்தான் உம்மா படித்தார். மழை வந்தால் வகுப்பு இல்லை. சாதாரண தரம் எழுதினார், கணிதம் சித்தியில்லை. உயர்தரத்துக்குப் போகவில்லை. இவற்றையெல்லாம் உம்மா எங்களுக்குக் கதையாகச் சொன்னதில்லை. உம்மம்மா சொல்லித்தான் தெரியும். அன்று உம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னது இவ்வளவுதான்:

“எனக்கு என்ன இல்லாமப் போச்சு எண்டு கேட்டா, நான் எண்ணிச் சொல்லுவன். இத்தனை வருசம், இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை கொப்பி எண்டு. நீ ஒண்டுமே இல்ல, ஒண்டுமே இல்ல எண்டுறாய். என்ன இல்ல எண்டு எண்ணி எழுதிக் காட்டு மகள். நான் பாக்கிறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் ஒரு 80 பக்கக் கொப்பியை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘காரணம்’ என்றும் வலப்பக்கம் ‘அளவு’ என்றும் எழுதினேன். இரண்டு வாரம், படிக்காமல் விட்ட ஒவ்வொரு தடவையும் மனதில் வந்த காரணத்தை அப்படியே எழுதுவது. பக்கத்தில் அது எத்தனை நிமிடம், எத்தனை ரூபா, எத்தனை பக்கம் என்று எழுதுவது. உம்மாவின் வாயை அடைக்கத்தான் தொடங்கினேன். தம்பி அதற்குச் ‘சாட்டுக் கொப்பி’ என்று பெயர் வைத்தான்.

இரண்டு வாரத்தில் 37 காரணங்கள் சேர்ந்தன. அதில் 22க்கு வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத முயன்றேன், எழுத ஒன்றும் இல்லை. “மனம் வரவில்லை” - எவ்வளவு? “தலை ஒரு மாதிரி” - எவ்வளவு? “மற்றவர்களும் படிக்கவில்லை” - எத்தனை பேர்? கேட்டுப் பார்த்தேன், மூன்று பேர் படித்திருந்தார்கள். இந்த 22ஐயும் திரும்ப வாசித்தபோது, பெரும்பாலானவற்றில் எல்லாம், ஒன்றும், ஒருவரும், எப்போதும் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தது. தோழிகளே, நீங்களும் உங்கள் காரணங்களை எழுதிப் பார்த்து இந்தச் சொற்களுக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். தடைக்கு எண் இருக்கும். சாட்டுக்கு ‘எல்லாம்’ மட்டும்தான் இருக்கும்.

(இடையில் ஒரு விஷயம். இப்படிப்பட்ட காரணத்தை நாங்கள் ‘நொண்டிச்சாட்டு’ என்கிறோம். கால் ஏலாதவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நான் கண்ட சாட்டுகள் எல்லாம் நல்ல கைகாலோடு இருப்பவர்கள் சொன்னவை. ஜியா ராயைப் பற்றி வாசித்த பிறகு அந்தச் சொல்லை நான் பாவிப்பதில்லை.)

மிச்சம் 15 காரணங்களுக்கு எண் இருந்தது. அவைதான் என்னைத் திகைக்க வைத்தன. ஏனென்றால் எண் எழுதியதும் அவை அழுவதற்கு உரியவையாக இல்லாமல், கணக்குப் போடுவதற்கு உரியவையாக மாறிவிட்டன. முதலாவது இரசாயனவியல். “ரீச்சர் இல்லை” என்று எழுதியதற்கு எதிரே எண் போட வகுப்பு இடாப்பைப் பார்த்து எண்ணினேன். தவறிய பாடவேளைகள் 44. ஒன்று 40 நிமிடம். மொத்தம் 1760 நிமிடம், அதாவது 29 மணித்தியாலம் 20 நிமிடம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலும் அதே 29! அன்று இரவு அதை நினைத்து நெடுநேரம் சிரித்தேன். எங்கேயோ முடிவில்லாமல் விரிந்து கிடந்ததாக நான் நினைத்த பள்ளம், ஒன்றரை நாளைவிடக் குறைந்த நேரம்தான். நாளுக்கு அரை மணித்தியாலம் போட்டால் 59 நாள்.

மிகிர் சென்னை நீந்த வைத்த ஃபுளோரன்ஸ் சாட்விக் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1952இல் கலிபோர்னியாவுக்கு அருகே கட்டலீனாத் தீவிலிருந்து பெருநிலத்துக்கு நீந்தினார். சுமார் 16 மணித்தியாலம் நீந்திய பிறகு, முடியாது என்று படகில் ஏறிவிட்டார். கரை இருந்தது மிகக் கிட்டத்தில். அடர்ந்த மூடுபனியில் அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து அதே கடலைக் கடந்தார். எவ்வளவு மிச்சம் என்று தெரியாததால் ஒரு வீராங்கனையே கைவிட்டிருக்கிறார் என்றால், 44 என்ற எண்ணைத் தெரியாமல் இருந்த நான் எம்மாத்திரம்?

இரண்டாவது, வீட்டு வேலை. இதை முன்பு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் ஏச்சுத்தான் வாங்கினேன். இந்த முறை எண்ணாக எழுதினேன்: தண்ணீர் எடுப்பது 25 நிமிடம், பின்னேரப் பாத்திரம் 30 நிமிடம், தம்பியைப் படிப்பிப்பது 60 நிமிடம், கூட்டித் துடைப்பது 20 நிமிடம். நாளுக்கு 2 மணித்தியாலம் 15 நிமிடம். உம்மா கொப்பியை வாங்கி, சிவப்புப் பேனையால் 60ஐ வெட்டி 45 என்று எழுதினார். “நடுவில தொலைபேசி பார்த்த நேரத்தைக் கழிச்சாச்சு.” பிறகு மற்ற எண்களைக் கூட்டிப் பார்த்து, வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது தண்ணீர் தம்பியின் வேலை. 13 வயது ஆண்பிள்ளைக்கு வாளி தூக்கத் தெரியும் என்பது அன்றுதான் எங்கள் வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோருக்கு இதை மெதுவாகச் சொல்கிறேன்: பிள்ளை கஷ்டம் என்று சொல்லும்போது, முதலில் “சாட்டுச் சொல்லாதே” என்று அடக்காமல், எவ்வளவு என்று கேளுங்கள். சாட்டாக இருந்தால் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். தடையாக இருந்தால் அதில் பாதியை உங்களால் தூக்கிவிட முடியும்.

எண் போட்ட பிறகும் என்னால் ஒன்றும் செய்ய முடியாதவையும் இருந்தன. பஸ்ஸுக்கு ஒரு நாளில் போகும் நேரம், மன்னாரில் கிடைக்காத வகுப்புகளுக்கான கட்டணம். என்னுடன் படித்த ஒருத்தி உம்மாவின் நோயால் படிப்பை நிறுத்திவிட்டாள். அவளுடைய கொப்பியில் 37 காரணம் இருக்காது, ஒன்றுதான் இருக்கும். அதற்கு முன்னால் என்னுடைய 37ம் வெட்கப்படும். அவளுக்கு நான் செய்யக்கூடியது என் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவது. அனுப்புகிறேன். அவள் சில நாள் பார்க்கிறாள், சில நாள் பார்ப்பதில்லை.

59 நாளில் முடிப்பேன் என்று போட்ட கணக்கு பிழைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சுபஹு தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம், தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலையும் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். முதல் பத்து நாள் நன்றாகப் போனது. பிறகு காய்ச்சல். பிறகு மச்சியின் கல்யாணம். வாயுநிலைப் பாடத்தில் ஒரே கணக்கில் ஐந்து நாள் நின்றேன். முன்னுக்குப் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. சாச்சா சொன்ன எதிர் நீரோட்டம் இதுதான்போலும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் மேல்வகுப்பு அக்கா ஒருவரிடம் கேட்டேன். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் விட்டிருக்கிறேன்! ஐந்து நாளும் அவ்வளவுதான் பிழை. கூட வரும் படகைத் தொடக்கூடாது என்றுதான் விதி. அதிலுள்ளவர்களிடம் கேட்கக்கூடாது என்று இல்லை. இதை முன்பே புரிந்திருந்தால் நான்கு நாள் மிச்சம்.

அடுத்த தவணைப் பரீட்சையில் 47 புள்ளி எடுத்தேன். சாதாரண சித்திதான். மருத்துவ பீடத்துக்குப் போகும் புள்ளி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 28க்கும் 47க்கும் நடுவில் இருக்கும் 19 புள்ளிகளை எந்த நாள் எந்தக் காலையில் எடுத்தேன் என்று கொப்பியைப் பார்த்து என்னால் சொல்ல முடியும்.

தீவிலே பிறந்தும் எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது. என் தோழியரில் அநேகம் பேருக்கும் தெரியாது. அதற்கு நாங்கள் சொல்லும் காரணங்களையும் ஒருநாள் கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் எத்தனை நிரம்பும் என்று பார்க்க எனக்கே ஆசை. இப்போதைக்கு இரசாயனவியல். இன்று காலை எழுதிய வரி இது: மீதி 6 மணித்தியாலம் 40 நிமிடம். சக்தியியல், 11ஆம் கணக்கிலிருந்து.